கும்பாபிஷேகக் கேசட்டு

எங்கள் அடுத்த வீட்டு சம்பந்தம் அண்ணாச்சிக்குப் பொருள் வாங்கத் தெரியாது. கத்தரிக்காய் வாங்கினால் சொத்தை, செருப்பு வாங்கினால் கடிக்கும். அப்படிப்பட்ட மனுஷர் தொண்ணூற்றாறாம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் வந்து இறங்கினார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் உலகக் கோப்பை ஓடினால்கூட எட்டிப் பார்க்காத மனுஷர் அவர்.

முழுப்பெயர் திருஞானசம்பந்தம். பொதுப்பணித் துறை அலுவலகத்தில் கால்வாய், மடை, தண்ணீர் என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றவர். மனைவி பிரம்மநாயகி, மகள் பிருந்தா ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். இவர் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகளுக்கு இவரே சடை பின்னி அனுப்புவார். அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். நான் பிள்ளையை வாசலில் மறித்துப் பிரித்துப் பின்னிவிடுவேன். அப்படி வளர்ந்த பெண் இன்ஜினியரிங் படித்து அமெரிக்கா போனாள். கூட வேலை பார்த்த ஒரு வங்காளிப் பையனைக் கட்டிக்கொண்டேன் என்று அங்கிருந்து எழுதினாள்.

அந்தக் கடிதம் வந்த மறுநாள் விடிந்ததும் மனுஷர் நேரே ஆற்றுக்குப் போய், மகளைத் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு தெருவில் நடந்து வந்தார். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு! எனக்கு வந்த ஆத்திரத்தில் கொஞ்ச நாள் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். அவர் அதைக் கவனித்த மாதிரிகூடத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் போட்ட கடிதங்களைத் தபால்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிருந்தா என்ற பேரை அவர் வாயிலிருந்து நான் கேட்கவேயில்லை. நாங்களும் அவர் முன்னால் சொல்லமாட்டோம்.

அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்பதற்குச் சாயங்காலம் ஒரு விளக்கும், வானொலியில் செய்தியும்தான் அடையாளம். ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்கிற வீட்டில் தாளிக்கிற வாசனைகூட அரைகுறையாகத்தான் வரும். நான் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால், "எதுக்கு லேகா, உனக்குச் சிரமம்" என்பார். பாத்திரத்தைக் கழுவி, அதில் கொஞ்சம் சீனி போட்டுத் திருப்பித் தருவார். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

இப்படி இருந்தவருக்கு டிவி எதற்கு என்று நான் நேராகவே கேட்டேன்.

"ரிட்டயர் ஆயாச்சு. பொழுது போகணும்லா" என்றார். "நம்ம கோயில் கும்பாபிஷேகக் கேசட்டு ஒண்ணு வந்திருக்கு. அதையும் பாக்கணும்."

உண்மை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது, அவரே சொல்லி. அமெரிக்காவிலிருந்து லீவில் பாபநாசம் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் போகிற வழியில் இவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. "பிருந்தா குடுத்துவிட்டா" என்று ஒரு வீடியோ கேசட்டை நாற்காலிமேல் வைத்துவிட்டுக் கார் ஏறிவிட்டார்கள். கடிதமாக இருந்தால் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்திருப்பார். இதை யாரிடம் கொடுக்க? ரெண்டு நாள் அது நாற்காலியிலேயே இருந்திருக்கிறது. இவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். மகள் முகத்தைப் பார்க்காமல் இனி ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று மூன்றாம் நாள் தோன்றிவிட்டது. எங்கள் வீட்டில் டெக் இருந்தது. வந்து கேட்டிருக்கலாம். ஆனால் தலைமுழுகின மனுஷர் எந்த முகத்தோடு வந்து கேட்பார்? அதனால் சேமிப்பை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ் ஏறிவிட்டார்.

அங்கே பாக்கியசீலன் என்று ஒரு விற்பனையாளர். வாய் இருக்கிறதே, தேன் ஒழுகும். "அண்ணாச்சி, செட்ட மட்டும் தூக்கிட்டுப் போறது, மாப்பிள்ளைய உள்ள கூப்பிட்டுட்டு சம்பந்தகாரவியள வாசல்ல நிறுத்துன மாதிரில்லா!" என்று சொல்லி ஸ்டெபிலைசர், சக்கரம் வைத்த ஸ்டாண்டு, பூப்போட்ட உறை எல்லாவற்றையும் அன்றைக்கே தலையில் கட்டிவிட்டார். டிவியைக் கொண்டுவந்து மாட்டியதும் அவரே. கடைக் கேசட்டைப் போட்டார். படம் பளிச்சென்று ஓடியது. "உங்க கேசட்டையும் குடுங்க அண்ணாச்சி, ஓட்டிப் பாத்திருவோம்" என்று கேட்டிருக்கிறார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அது கும்பாபிஷேகக் கேசட்டு. குளிச்சுட்டுத்தான் போடணும்!"

எல்லாரும் போன பிறகு குளித்து, திருநீறு பூசி, கதவைச் சாத்திவிட்டுத்தான் போட்டாராம். அந்த மட்டுக்குச் சொன்ன பொய்க்கு உண்மையாக இருந்திருக்கிறார். திரையில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் மேலே மேலே ஓடின. சத்தம் மட்டும் வந்தது. ஆணா பெண்ணா என்று தெரியாதபடி, கிணற்றுக்குள்ளிருந்து முனகுகிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது. அந்த முனகல் தன் மகள் குரல் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

மறுநாள் மறுபடியும் ஜங்ஷன். கேசட்டை எடுத்துப் போனாரா? இல்லை. கடையில் பத்துப் பேர் நடுவில் பிருந்தா முகம் தெரிந்துவிட்டால்? நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு நோயை மட்டும் போய் வைத்தியரிடம் சொன்னார். படம் ஓடுகிறது, கோடு விழுகிறது, குரல் இழுக்கிறது. கேட்டுக்கொண்ட பாக்கியசீலன், "கோயில் கேசட்டுல்லா, காப்பிக்குக் காப்பி எடுத்திருப்பான். சரக்கு வீக்கு. இழுக்க பவர் வேணும்" என்று பூஸ்டர் கொடுத்தார். பூஸ்டர் மொட்டைமாடி ஆண்டெனாவுக்குப் போடுவது! பெட்டிக்குள் கிடக்கிற கேசட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மனுஷர் ஆள் வைத்து மாடியில் மாட்டினார். அடுத்து டெக்குக்குள் இருக்கிற ஹெட்டைத் துடைக்க ஒரு கேசட்டு. அதற்கடுத்துத் தங்க முலாம் பூசின ஒயர். அதன் விலையைக் கேட்டு நான், "அண்ணாச்சி, இதைக் காதுல போட்டுக்கலாமே!" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"தெளிவா வந்தாப் போதும் லேகா" என்றார். "ஒரு தடவை தெளிவா வந்தாப் போதும்."

கும்பாபிஷேகத்துக்கு இந்த ஏக்கமா என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசி என்று மாதம் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவை ஜங்ஷன் போய்வரும்போதும் கையில் ஒரு புது டப்பா இருக்கும். முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டு வந்தது.

ஆனியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கஞ்சி கொண்டுபோனேன். கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் அந்தக் கேசட்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அட்டை முழுக்க இங்கிலீஷ், முதுகில் அமெரிக்காவில் செய்தது என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பேனாவால் 'அப்பாவுக்கு' என்று ஒரே ஒரு வார்த்தை. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா?

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அடப் பாவி மனுஷா! அமெரிக்கா கேசட்டு நம்மூரு டெக்குல ஓடாதுய்யா. அங்க வேற முறை. எங்க அக்கா மகன் கல்யாணக் கேசட்டும் இப்படித்தான் கோடு கோடா வந்துச்சு. மதுரையில குடுத்து மாத்தி வாங்குனோம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

என் வீட்டுக்காரரை அன்றைக்கே மதுரைக்கு விரட்டினேன். மாற்றி வந்து சேர ஆடி பிறந்துவிட்டது. "நீயும் இரு லேகா" என்றார் அண்ணாச்சி. இந்தத் தடவை குளிக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை.

பிருந்தா ஒரு சமையலறையில் நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இடுப்பில் சுருட்டை முடியோடு ஒரு பெண் குழந்தை. முதல் தடவையாக அவள் குரல் அவள் குரலாகவே அந்த வீட்டில் கேட்டது.

"அப்பா, நல்லா இருக்கியளா? லெட்டர் எழுதினா வாங்க மாட்டிய, அதான் இப்படி. சித்திரை பொறந்ததும் நாங்க திருநெல்வேலிக்கு வாரோம். ஜங்ஷன்ல லாட்ஜுல பத்து நாள் இருப்போம். நீங்க கூப்பிடாம வீட்டுக்கு வரமாட்டேன். உங்களுக்கு அவமானமா இருக்கும், எனக்குத் தெரியும். ஆனா ஒரு தடவை பிள்ளைய வந்து பாருங்கப்பா. வருவியளா?" சற்று நிறுத்தி எங்களையே பார்த்தாள். "வரலைன்னா, இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன்." லாட்ஜின் பெயரையும் சொன்னாள். குழந்தை கையை ஆட்டியது. திரை நீலமாகிவிட்டது.

ஆடி மாதத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்த லாட்ஜு கடைக்கு எதுத்தாப்லதான் இருக்கு" என்றார் அண்ணாச்சி. "சித்திரையில ஒயர் வாங்கப் போனேன்லா? அந்த லாட்ஜு வாசல்லதான் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இப்பவே ஜங்ஷன் போயி அந்தப் பாக்கியசீலன் சட்டையப் பிடிக்கேன் பாருங்க!" என்று எழுந்தேன்.

"அவன என்னத்துக்கு ஏசுத? அவன் கேசட்டக் கேக்கத்தானே செஞ்சான். நான்தான் கும்பாபிஷேகம்னு சொன்னேன்."

"சரி, கேசட்டக் கொண்டாந்த அந்தக் குடும்பத்தத் தேடிப் பிடிச்சு விலாசம் வாங்குவோம். என்ன சொல்லுதிய?"

அவர் நீலத் திரையைக் கையால் காட்டினார். "திரும்பப் போடு" என்றார்.

போட்டேன். சமையலறை வந்தது, பிருந்தா வந்தாள், எல்லாம் முதலில் சொன்ன மாதிரியே சொன்னாள். பிள்ளையை வந்து பாருங்கப்பா, வருவியளா என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

"வாரேன் பிருந்தா" என்றார் அண்ணாச்சி.

அவள் காதில் அது விழவில்லை. வரலைன்னா, என்று அடுத்ததை ஆரம்பித்தாள்.