பிணத்துக்கு அடியில் கிடந்த புழுக்கை

எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம், சித்திரை வெயிலில், கரிசல் காட்டில் ஒரு பிணம். தூக்கி வர முடியாத நிலை என்பதால் ஸ்பாட் போஸ்ட்மார்ட்டம். நானும் டாக்டர் செல்வியும் போனோம். செல்வி எனக்கு ஆறு வருஷம் ஜூனியர். பிணவறை ஊழியர் டீயை முதலில் அவரிடம்தான் நீட்டுவார். பிணங்கள்கூட அவர் கேட்டால்தான் பதில் சொல்கின்றன என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

தோல் செருப்புத்தோலாகக் காய்ந்திருந்தது. நாற்றம் குறைவு. கழுத்தில் வெட்டு. படித்த புத்தகங்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன, அதுதான் வினை.

"ஒரு மாசம் இருக்கும்," என்றேன்.

இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. "அப்ப செத்தவனோட தம்பிக்காரன்தான் சார். அப்பதான் வரப்புத் தகராறுல வெட்டுவேன்னு சொல்லியிருக்கான்."

தம்பி ஜீப்பில் இருந்தான். "நான் திருப்பூர் போயி இருவது நாளாச்சுய்யா. கம்பெனியில கேட்டுப் பாருங்க. நீங்க போன் போட்டுத்தான் வாரேன்."

செத்தவர் தனிக்கட்டை. எப்போதிலிருந்து காணோம் என்று சொல்ல ஆளில்லை. ஆக, தம்பியின் தலையெழுத்து என் பேனாவில் இருந்தது.

செல்வி பிணத்தைப் புரட்டச் சொன்னார். "சார், சட்டை முதுகுல பாருங்க. ஆட்டுப் புழுக்கை அப்பியிருக்கு. அடியிலயும் கெடக்கு."

"ஆடுன்னா எங்கனயும் போடும், மேடம்."

"இவ்வளவு கனமா போடாது சார். எருவுக்காக ராத்திரி ஆட்டை அடைச்சு இங்க கிடை போட்டிருக்காங்க."

காட்டுக்குச் சொந்தக்காரர் கிடை போட்ட ஆட்டுக்காரரைக் கூட்டி வந்தார். அவர் விரல் மடக்கி எண்ணினார். "ரெண்டு ராத்திரி மறிச்சோம். கிடையத் தூக்கி இன்னைக்குப் பன்னெண்டு நா ஆச்சு அண்ணாச்சி. அப்ப இங்கன பொணம் கெடந்தா ஆடு படுக்குமா? நாந்தான் படுப்பேனா?"

கிடைக்குப் பிறகுதான் பிணம். ஒரு மாசத்தில் ஆகும் என்று நான் படித்ததை எங்கள் வெயில் பன்னிரண்டு நாளுக்குள் முடித்திருந்தது.

கிடைக்காரர் பொய் சொல்லியிருக்கலாமே என்று ஐந்து நிமிஷம் காரணம் தேடினேன். தம்பி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். 'பன்னிரண்டு நாளுக்கு மேல் இராது' என்று எழுதினேன்.

திருப்பூர் கம்பெனி வருகைப் பதிவு வந்ததும் அவனை விட்டார்கள். நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களாலதான்யா தப்பிச்சேன்." செல்வி பக்கத்தில்தான் நின்றார். நான் மறுக்கவில்லை.

புதிதாக வரும் டாக்டர்களுக்குச் சொல்வேன்: இந்த மண்ணில் உடம்பை மட்டும் பார்த்து நாள் சொல்லாதீர்கள், அது கிடந்த தரையையும் விசாரியுங்கள். நானே கண்டுபிடித்ததுபோலத்தான் இத்தனை நாள் சொல்லி வந்தேன். செல்வியின் பெயரோடு எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வாரம் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.