பக்கத்தில் நில் என்று கேட்டேன்

அடியார்களே, அது ஐப்பசி வெள்ளி. ஜெர்மனியில் எசன் நகரில் எங்கள் தெருவை அடுத்து, குழாய் பதிக்கத் தோண்டிய குழியில் இரண்டாம் உலகப் போரின் வெடிக்காத குண்டொன்று கிடந்தது. வேலையிடத்திலிருந்து ஓடிவந்தேன். தெருவை மறித்துவிட்டார்கள். வெளியேறி வந்த சனத்துக்குள் என் மனைவி சுமதி இல்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை.

இலங்கையில் சமாதானம் முறிந்தபின் வன்னியிலிருந்து வந்தவள். வயிற்றில் மூன்று மாதப் பிள்ளை. ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. ஒலிபெருக்கியும் ஹெலிகொப்டரும் இரைந்தால் அவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். கெல்லருக்கு, வீட்டின் அடியிலுள்ள நிலவறைக்கு. வானில் இரைச்சல் கேட்டால் எங்கள் சனத்துக்குப் பங்கர், பதுங்குகுழிதானே! அவளுடைய அண்ணன், குண்டுபோட வந்த கிபிர் விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பங்கருக்கு வெளியே நின்று பார்த்தவன். அவனைச் சாக்கில்தான் அள்ளினார்கள்.

"மணி அடித்தோம், வீட்டில் ஒருவரும் இல்லை" என்றார் பொலிஸ்காரர். அவள் மூச்சுக்கூட விடமாட்டாள் என்பதை எப்படிச் சொல்வேன்? தெரிந்த ஜெர்மனும் வாயில் வரவில்லை.

எனக்குப் போர் விமானக் கதை என்றால் பைத்தியம். அகதி முகாமில் சும்மா இருந்த காலத்தில் நூலகத்தில் படித்தது. ஜெர்மனிமேல் குண்டுபோட வந்த விமானங்களை ஒட்டியே காவல் விமானங்கள் பறக்கவேண்டும் என்பதுதான் முதலில் கட்டளை. பிறகு அவற்றை முன்னே போய் எதிரியைத் தேடி அடிக்கவிட்டார்கள். பக்கத்தில் காவலைக் காணாமல் குண்டுவிமானக்காரர் பயந்தார்கள். ஆனால் அப்படித்தான் பலர் பிழைத்தார்கள். இதைச் சொல்லிச் சொல்லி நண்பர்களை அறுத்திருக்கிறேன். அன்று எல்லாம் மறந்துபோனது. "முருகா, அவளுக்குப் பக்கத்திலை நில்லு, விட்டுட்டுப் போயிடாதை" என்று வாய்விட்டு அழுதேன்.

கால் மணி நேரத்தில் வந்தாள். மேல்வீட்டு ஜெர்மன் பெண்ணும் ஒரு தீயணைப்புக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள்.

"என்னப்பா அழுறியள்? நான் பங்கருக்குள்ளதானே இருந்தனான்."

முந்திய வாரம் ஆஸ்பத்திரி ஹெலிகொப்டர் தாழப் பறந்தபோது, உடுப்புத் தோய்க்கக் கெல்லருக்குப் போன அந்தப் பெண் இவள் மூலையில் குந்தியிருந்ததைக் கண்டிருக்கிறாள். அதனால்தான் பாதித் தெருவில் நின்று, கெல்லரைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். நான் வாய் திறக்கும் முன்பே முருகன் ஆளை அனுப்பிவிட்டான்.

குண்டைச் செயலிழக்க வைக்க முடியவில்லை. கிடந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தோம். கெல்லர்ச் சுவர் உள்ளே சரிந்து, அவள் குந்தியிருந்த மூலையில் முழங்காலளவு கல் குவிந்திருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள்.

"அண்ணாக்கு முன்னாலை ஏன் ஒருத்தரும் போகேல்லை?" என்று இன்றும் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தவன்போல் உங்கள் முன்னால் நடிக்கவும் மாட்டேன்.

சித்திரையில் மகள் பிறந்தாள். இப்போது புதிதாக வரும் எங்கள் சனத்தின் வீடுகளுக்குப் போய், அறிவிப்புக் கேட்டால் கீழே போகாதேங்கோ, வெளியே வாங்கோ என்று சொல்லிக்கொடுக்கிறேன். முருகனிடம், பக்கத்தில் நில் என்று கேட்பதில்லை. முன்னாலே போ என்கிறேன்.

உங்களுக்குரிய ஒருவரிடம் போக வழியில்லாமல் நிற்கிறீர்களா? ஒரு அடையாளமும் தெரியாவிட்டாலும் அவனைக் கேளுங்கள். நீங்கள் கேட்கும்போதே அங்கே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம்.