அங்காளம்மாவின் ஆறடிச் சுவர்

"சுனாமி வந்து என் வூட்டையே தூக்கினு போச்சு. என்னைத் தூக்க முடிஞ்சுதா? இந்த எடத்துலேர்ந்து என்னைக் கிளப்பணும்னா அதுக்கு ஒருத்தன் இனிமே பொறந்து வரணும்!"

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு கிளைத்தெருவில், கான்வென்ட் பள்ளியின் சுற்றுச்சுவரில் முதுகைச் சாய்த்தபடி அங்காளம்மா இப்படிப் பிரகடனம் செய்தாள். எதிரே ஆக்கிரமிப்பு அகற்ற வந்த நகராட்சி லாரி நின்றது. லாரிக்கு முன்னால் ஓர் அதிகாரி நின்றார். அங்காளம்மாவுக்கு முன்னால் அருவாமனையும், அதில் பாதி நறுக்கிய வஞ்சிரமும் இருந்தன. அதிகாரி வஞ்சிரத்தைப் பார்த்தார், அருவாமனையைப் பார்த்தார், பிறகு சட்டத்தின் மாண்பைக் காக்கும் பொருட்டு எதிர்வாடையில் நின்ற கொய்யாப்பழ வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அங்காளம்மா கடலோரக் குப்பத்துக்காரி. மீன்கூடையைக் கண்டால் பஸ் கண்டக்டர்களுக்கு விசில் தானாக வந்துவிடும் என்பதால், ஐந்து மீன்காரிகள் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டியைப் பேசி வைத்திருந்தார்கள். அது விடியற்காலையில் மேடவாக்கம் வழியாக வந்து ஆளுக்கொரு முனையில் இறக்கிவிட்டுப் போகும், மதியம் வந்து அள்ளிக்கொள்ளும். வீட்டுக்காரர் அப்பாதுரை, படகு போன நாளிலிருந்து, பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளியைப் பார்ப்பதுபோல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆக, அந்த வீட்டில் உலை கொதித்தது கான்வென்ட் சுவரின் ஆறடி நீளத்தால்தான்.

சுவர் போனால் இன்னொரு சுவர் என்று சொல்லும் மேதைகள், கேம்ப் ரோட்டில் எங்காவது ஒரு நாள் கூடையை இறக்கிப் பார்க்கலாம். அங்கே பூக்காரிக்கு நாலடி, சாவி செய்பவருக்கு மூன்றடி, இஸ்திரி வண்டிக்கு எட்டடி என்று பாகப்பிரிவினை முடிந்து பல காலமாகிறது. மார்க்கெட் முனை மீன்காரி எல்லம்மாவுடையது. எல்லம்மாவின் வாய்க்கு முன்னால் நகராட்சி லாரியெல்லாம் பொம்மை வண்டி.

அதிலும் இந்த ஆறடிக்கு ஒரு விசேஷம் உண்டு. புரட்டாசி வந்தால் காலனி வீடுகள் அத்தனையும் மீனைத் தலைமுழுகிவிடும். போன மாதம்வரை கடம்பா மீனுக்குச் சண்டை போட்ட சனங்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டே கடந்து போவார்கள். அந்த மாதம் முழுக்க அங்காளம்மாவைக் காப்பாற்றுபவர்கள் கான்வென்ட் டீச்சர்களும், வெள்ளிக்கிழமை கறி தொடாத வேதக்கார வீடுகளும்தான். புரட்டாசி முடிந்து ஐப்பசியின் முதல் ஞாயிறு வந்துவிட்டால், ஒரு மாதப் பசியோடு காலனியே வந்து சுவரோரம் நிற்கும். பெருமாள் ஒரு மாதம் பூட்டிய கடையை அந்த ஒரு ஞாயிறு திறந்துவிடும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசிக்கு முந்தைய வாரத்தில் பள்ளியின் சமூக சேவை மன்றம் விழித்துக்கொண்டது. காலாண்டு விடுமுறை முடிந்து, மழை பிடிப்பதற்குள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தலைக்கு இருபது மணி நேரம் சமுதாயத்துக்கு நன்மை செய்து, நோட்டில் கையெழுத்து வாங்கியாக வேண்டும். சமுதாயம் தப்பிக்க வழியில்லை. மன்றத்தின் பொறுப்பாளர் கணக்கு ஆசிரியர் ஸ்ரீரங்கன். இருபது வருடமாக அங்காளம்மாவைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடியே கடந்து போனவர். அவர் அவளுக்கு எதிராகச் சதி செய்தார் என்று பிற்பாடு பூக்காரி சொன்னது அபாண்டம். சதி செய்யுமளவுக்கு அவருக்கு டியூஷனிலிருந்து ஓய்வு கிடையாது.

பிரச்சினை சுவரின் கோடியில் இருந்தது. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருந்த இடத்தைப் பொதுமக்கள் வழிகாட்டிப் பலகையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சாமி படம் வரைஞ்சுட்டா ஒருத்தன் நிக்கமாட்டான் சிஸ்டர்" என்றார் ஸ்ரீரங்கன்.

தலைமையாசிரியை சிஸ்டர் அருள்மேரி யோசித்தார். "எந்த சாமி சார்?"

"எல்லா சாமியும். நேஷனல் இன்டக்ரேஷன்."

அப்படியாகக் கோடியில் பிள்ளையார், அடுத்துப் பிறை, அதற்கடுத்து சிலுவை என்று சர்வமத சமரசம் சுவரில் நகர்ந்து, புதன்கிழமை அங்காளம்மாவின் முதுகுப்புறத்தை வந்தடைந்தது.

அங்கே வரைய வந்தவள் ஒன்பதாம் வகுப்பு நிஷா. தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தத் தெருவில் எந்தப் பெரிய மனிதருக்கும் தோன்றாத காரியம் ஒன்றைச் செய்தாள். அனுமதி கேட்டாள்.

"ஆன்ட்டி, இது உங்க இடம்தானே? இங்க எந்த சாமி வரையட்டும்?"

அங்காளம்மா அருவாமனையிலிருந்து கையை எடுத்தாள். உங்க இடம். நகராட்சியும் போலீஸும் சொல்லாத வார்த்தை.

"கேட்டியா இந்தக் கொயந்த கேட்டதை!" என்று பூக்காரியிடம் திரும்பினாள். "நம்மையும் ஒரு ஆளா மதிச்சுக் கேக்குது பாரு." பிறகு நிஷாவிடம் கட்டளையிட்டாள்: "வேளாங்கண்ணித் தாயை வரை கண்ணு. வருசா வருசம் பெசன்ட் நகருக்கு நடந்து போறவ நானு. நல்லா பெருசா வரை."

"சரி ஆன்ட்டி."

மூன்று நாள் வேலை. அங்காளம்மா கூடையைத் தெருப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வியாபாரத்தை விட்டு மேஸ்திரி வேலை பார்த்தாள். "கண்ணு சின்னதா கீது பாப்பா... இன்னும் கொஞ்சம்... ஆங், இப்பதான் நம்மளைப் பாக்குறா. மூக்குத்தி ஒண்ணு வெச்சுடு." நிஷா மூக்குத்தியும் வைத்தாள். பிள்ளையாரை வரைந்த பையனுக்குத் தும்பிக்கை சரியாக வராமல் போனதைப் போல இவளும் சொதப்பியிருந்தால் அங்காளம்மா பிழைத்திருப்பாள். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கை தெய்வீகமாக வாய்த்திருந்தது.

சனிக்கிழமை சிஸ்டர் ஜெபம் சொல்லி மெழுகுவத்தி ஏற்றினார். ஸ்ரீரங்கன் அறிக்கை வாசித்தார். அதில், 'சுவரோரம் மீன் விற்கும் ஏழைப் பெண்மணியின் சுற்றுப்புறமும் இத்திட்டத்தால் மேன்மையடைந்தது' என்று ஒரு வரி இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஏழைப் பெண்மணியும் தட்டினாள். சாயங்காலம் பூக்காரி ஒரு முழம் மல்லிகையை ஆணியடித்து மாட்டினாள்.

ஞாயிறு. ஐப்பசியின் முதல் ஞாயிறு. குப்பத்தில் இரண்டு பேரிடம் சொல்லிவைத்து, வழக்கத்தைப் போல் இரண்டு பங்கு சரக்கோடு வந்து இறங்கினாள் அங்காளம்மா. வஞ்சிரம், சங்கரா, ஒரு படி நெத்திலி. முதல் ஆளாக ஜோதிலட்சுமி வந்தாள். பேங்கில் வேலை பார்ப்பவள், பதினைந்து வருட வாடிக்கை. வந்தவள் செருப்பைக் கழற்றினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கண்ணை மூடி நின்றாள். கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் மீன் வாங்கும் களை இல்லை.

"சங்கரா துள்ளுதுக்கா. எத்தினி போடட்டும்?"

"இல்ல அங்காளம்மா... மாதா முன்னாடி எப்படிச் செதில் எடுப்ப? ரத்தமெல்லாம் தெறிக்குமே."

"யக்கா, மாதா கடக்கரைல குடியிருக்கிறவ. கப்பக்காரனையே காப்பாத்தி வுட்டவ. மீன் வாடை அவளுக்குப் புச்சா இன்னா?"

"நீ சொல்றது சரிதான். எனக்கு மனசு ஒப்பல. தப்பா நினைச்சுக்காத." ஜோதிலட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட் முனைப் பக்கம் நடந்தாள்.

அடுத்து வந்தவர்களும் அப்படியே. கும்பிட்டார்கள், கூடையை எட்டிப் பார்த்தார்கள், சங்கடமாகச் சிரித்தார்கள், நகர்ந்தார்கள். சர்ச்சில் பூசை முடிந்து வந்த வேதக்கார வீட்டு அம்மாக்களும், மாதாவுக்கும் மீனுக்கும் நடுவில் தங்கள் பை நிற்பதைப் பார்த்துத் தயங்கினார்கள். ஒரே ஒருவர் மட்டும் நெத்திலி கேட்டார். அவர் தெருவுக்குப் புதுசு, கண்ணாடியும் கொண்டு வரவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் ஐஸ் கரைந்து மண்ணில் ஓட ஆரம்பித்தது. அது மாதாவின் பாதத்தை நோக்கி ஓடுவதை அங்காளம்மா அப்போதுதான் கவனித்தாள். காலை வைத்து மறித்தாள். பழக்க தோஷத்தில் சுவரில் சாயப் போனவள் சட்டென்று நிமிர்ந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பார்த்தாள். தெரு முதுகுப்பக்கம் போய்விட்டது. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாள். கால் பூக்காரியின் நாலடிக்குள் போயிற்று.

"இன்னாக்கா, நண்டு மாதிரி நவுந்துகினே கீற?" என்றாள் பூக்காரி.

அங்காளம்மா திட்டாமல் காலை இழுத்துக்கொண்டாள். பூக்காரிக்கு அது பயமாக இருந்தது.

பத்து மணிக்கு நிஷா அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள், தான் வரைந்ததைக் காட்ட. "ஆன்ட்டிதான் எனக்கு ஐடியா குடுத்தாங்க" என்று அறிமுகப்படுத்தினாள். அம்மா சிரித்தார். அப்பா போட்டோ எடுத்தார். அப்போது நிஷா குனிந்து, மாதாவின் சேலைக் கரையில் ஒட்டியிருந்த ஒரு செதிலையும், பக்கத்தில் ஒரு பொட்டு ரத்தத்தையும் பார்த்தாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, பொறுமையாகத் துடைத்தாள். துடைத்துவிட்டு அங்காளம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவாயில்ல ஆன்ட்டி. இனிமே டெய்லி வந்து நான் துடைச்சுடறேன். சர்வீஸ் அவர்ஸ் இன்னும் ஆறு பாக்கி இருக்கு."

அங்காளம்மா அந்த ஈரக் கைக்குட்டையைப் பார்த்தாள்.

"வெயில் ஏறுது, வூட்டுக்குப் போ கண்ணு" என்றாள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தை நம்பி விடிந்ததும் வெட்டிவைத்த துண்டுகளைப் பாலிதீன் பையில் கட்டினாள். நீலத் தார்ப்பாயை உதறி மடித்தாள். பூக்காரியிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கி, மண் தெரியுமட்டும் இடத்தைக் கழுவிவிட்டாள். மீனின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடினாள்.

"குட்டியானை மதியம்தான வரும்? எங்கக்கா போற?"

"ஒரு கை குடு."

பூக்காரி கூடையைத் தூக்கிவிட்டாள். முழுக்கூடை. கழுத்து ஒரு முறை ஆடி நிலைத்தது. அங்காளம்மா மாதாவைத் திரும்பிப் பார்க்காமல், ராஜகீழ்ப்பாக்கம் பக்கமாக நடந்தாள், மீனு, மீனே என்று கூவியபடி. அந்தத் தெருவில் அவள் கூவி யாரும் கேட்டதில்லை. குரல் சரியாக எழும்பவில்லை.