உப்பு பார்த்த கதை

எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் எனக்குப் புரதப்பொடியும் மோரும் தெளிந்த சூப்பும் மட்டும்தான். கல்லீரல் சுருங்க வேண்டுமாம். பத்தாம் நாள் திருச்சி ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். அரைக் கிலோகூடக் குறையவில்லை. டிக்கெட் எடுக்காத ஆளைக் கண்டக்டர் பார்ப்பதுபோல டயட்டீஷியன் பெண் என்னைப் பார்த்தாள்.

"வேற ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"சத்தியமா இல்லம்மா" என்றேன். எனக்கு அந்த மெஷின் மேல்தான் சந்தேகம். டப்பாவில் விற்கிற பொடியின் மேலும் கொஞ்சம்.

ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்ததும் என் மகளுக்கு என் மேல் சந்தேகம். மறுநாள் காலை முழுக்க அடுப்படியை விட்டு அவள் நகரவில்லை. நான் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கினேன். புளி போதுமா என்று இன்னொரு தடவை. பொரியலில் ஒரு வாய். வடை உள்ளே வெந்ததா என்று ஒன்றைப் பிட்டுத் தின்றேன். நம்பிக்கை வராமல் அடுத்ததையும்.

"அம்மா, இதெல்லாம் என்ன?"

"உப்பு பார்க்கிறேன்டி."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. உப்பு பார்ப்பதைச் சாப்பாடு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அடுத்த நாள் எதையும் வாயில் வைக்காமல் சமைத்தேன்.

"ஏங்க, உப்பு சரியா இருக்கா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"பிரமாதம்" என்றார்.

முப்பது வருடத்தில் என் சமையலை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு உப்பே போடவில்லையோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.