இயாரே வந்துவிட்டான்

அமென்ஸேக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. நைஜீரியாவின் பெனின் நகரத்தில் எந்த மேடையானாலும் சரி, தான் பாடும் முறை வருவதற்குள் பந்தலைப் பத்துச் சுற்று சுற்றிவிடுவாள். ஆவி இறங்கிவிட்டது என்று ஜனங்கள் சிலிர்த்துக்கொண்டார்கள். ஆவியாவது மண்ணாவது! எந்தத் தாயாவது வந்து தம்பியைப் பற்றி விசாரித்துவிடுவாளோ என்ற பயம்தான்.

ஒரு காலத்தில் அவள் சந்தையில் தட்டைப்பயறு வடை சுட்டு விற்றவள். ஒரே தம்பி இயாரே, பாலைவனம் தாண்டி லிபியா வழியாக இத்தாலிக்குப் போகிறேன் என்று கிளம்பினான். ஏழு மாதம் பேச்சு மூச்சில்லை. அழுதுகொண்டு போய் நின்றவளிடம் பாஸ்டர் சொன்னார்: "கிடைச்சப்புறம் நன்றி சொல்ல யாராலயும் முடியும். கிடைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லு. வாய் தவறிக்கூட 'வரல'ன்னு சொல்லிடாத. உன் வாயே அவனைத் தடுத்துடும்."

எங்கள் சபைகளில் இது வழக்கம்தான். வீடில்லாதவன் வீட்டுக்கு நன்றி சொல்வான், பிள்ளையில்லாதவள் பிள்ளைக்குப் பெயர் வைப்பாள். அமென்ஸே எழுந்து நின்று, 'இயாரே வந்துவிட்டான், வாசலில் அவன் செருப்பு' என்று பாடினாள். சபையே எழுந்து ஆடியது.

அடுத்த ஈஸ்டருக்குள் ஷேர் டாக்சி, சலூன், கல்யாண வீடு என்று எங்கும் அதே பாட்டு. லாகோசில் கூப்பிட்டார்கள், லண்டனில் கூப்பிட்டார்கள். நாலு வருஷத்தில் மூன்று ஆல்பம் வந்தது. தம்பி எங்கே என்று கேட்டவர்களிடம் ஒரு நாள் அபுஜா என்பாள், மறுநாள் அக்ரா என்பாள். தூக்கம் அவளை விட்டுப் போய் வெகு நாளாயிற்று. கேட்பவர்களுக்குப் பயந்து போன் எண்ணை ஆறு முறை மாற்றினாள்; தம்பிக்குத் தெரிந்த பழைய எண்ணை மட்டும் தனியாக வைத்திருந்தாள்.

ஒரு காலை, காரில் ஏறப் போனவளைப் பேஷன்ஸ் மறித்துக்கொண்டாள். சந்தையில் பக்கத்துக் கடையில் கருவாடு விற்றவள். அவளுடைய மூத்த மகனும் அதே வழியில் போனவன்தான்.

"அடியே பாட்டுக்காரி, ஓடாத! உன்னைக் கடிச்சா தின்னுடப் போறேன்?"

"ரிகர்சலுக்கு நேரமாச்சுக்கா."

"ஒரே ஒரு வார்த்தை. என் சின்னவன் லக்கி வியாழக்கிழமை அதே லிபியா வழியில கிளம்பறான். கூட்டிட்டுப் போறவங்கள்ல எந்த ஏஜென்ட் நம்பிக்கையானவன்னு உன் தம்பியைக் கேட்டுச் சொல்லு."

அமென்ஸே சட்டென்று திரும்பினாள். "லக்கியா? மூத்தவனே இன்னும் திரும்பலையேக்கா."

"திரும்புவான். போனவன் வருவான்னு நீதான பாடின? அந்தத் தைரியத்துலதான இவனையும் அனுப்பறேன்!"

லக்கியைத் தடுக்க ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால் தம்பியைத் தானே கொன்றதாகும் என்று அவள் சத்தியமாக நம்பினாள். கார்க் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"இயாரே வரலக்கா."

"என்னடி உளர்ற?"

"வரல."

"ஓகோ! உன் தம்பி மட்டும் ஐரோப்பா பார்க்கணும், என் பிள்ளை கருவாடு சுமக்கணுமா? வயித்தெரிச்சல் பிடிச்சவளே!"

அமென்ஸே அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு வருஷத்துக்கு மேலா ஒரு போன் இல்லக்கா. அவன் வரல." முதல் இரண்டு தடவை லக்கிக்காகச் சொன்னாள். மூன்றாம் தடவைதான் அது அவள் காதிலேயே விழுந்தது. நன்றி சொன்னவள் அழக்கூடாது என்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக உடைந்து வந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது.

 பேஷன்ஸ் போனை எடுத்து, "லக்கி, பையைப் பிரிச்சு வைடா. ஏன்னு கேக்காத" என்றாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அமென்ஸேயின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

"அப்போ என் மூத்தவன்டி?" என்று கேட்டாள்.