நடு அறைக் கொடி

சுவரில் பூசணம் பூப்பதற்கு யார் காரணம் என்று கேட்டால் பாகீரதி ஒரு பட்டியலே ஒப்பிப்பாள். பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாய், மொட்டை மாடியை எட்டிக்கூடப் பார்க்காத கணவர் ராமசுப்ரமணியன், பெயின்ட்டில் தண்ணீரைக் கொட்டிக் கலக்கும் மலையாளிப் பெயின்டர் அஜீஷ், வைகாசிக் கடைசியில் பிடித்துக்கொள்ளும் இடவப்பாதி மழை. கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்கு அவள் மருமகளாக வந்து முப்பத்திரண்டு வருஷம். பட்டியலில் அவள் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை.

பூசணம் முழுக்க நடு அறையில்தான். அது மகள் ஜானவியின் அறை. அங்கே படுத்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். போன வருஷம் ஊரின் மறுகோடியில் கழக்கூட்டத்தில், ஆபீஸ் பக்கத்திலேயே ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறன்று வருவாள், சாப்பிடுவாள், நாலு மணிக்குப் பையை எடுத்துவிடுவாள். பெற்ற பெண் விருந்தாளி மாதிரி வந்து போவது பாகீரதிக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆத்திரத்தையெல்லாம் சுவர்மேல் காட்டினாள். ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தாள். அடுத்த மாதம் வேப்பெண்ணெய் பூசி வீட்டையே நாறடித்தாள். பீரோவை இழுத்துப் போட்டாள். பத்தே நாளில் கறுப்புப் புள்ளிகள் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தன.

நாலாம் தடவை கூப்பிட்டபோது அஜீஷ் பிரஷ்ஷைத் தொடவில்லை.

"பின்னயும் அடிச்சா பின்னயும் வரும், அம்மா. பெயின்ட் மேல குத்தமில்ல."

"பின்னே யார் மேல குத்தம்? என் மேலயா?"

அவன் சுவரின் அடியைத் தடவினான். காய்ந்திருந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். விரிசல் இல்லை. "அடியிலேருந்து ஏறல்ல, மேலேருந்தும் ஒழுகல்ல. வெள்ளம் இந்த முறிக்குள்ளதான், ரூமுக்குள்ளதான் எங்கயோ இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

மேலே மூங்கில் கொடியில் அவளுடைய ஒன்பது கஜமும் கணவரின் வேஷ்டி, துண்டும் தொங்கின. தினமும் குளித்ததும் நனைத்துப் பிழிந்து, கோலால் உயர்த்திப் போடுவாள். மறுநாள் மடியாகக் கட்டிக்கொள்ள வேண்டியவை. காற்றில் பறந்து எதிலும் பட்டுவிடக் கூடாதென்று ஜன்னலையும் கதவையும் சாத்திவிடுவாள்.

"இது நித்தமும் உண்டா?"

"முப்பத்திரண்டு வருஷமா."

"ஜன்னலையும் அடைச்சிட்டுத்தானா?"

பாகீரதி கொடியை அண்ணாந்து பார்த்தாள். பிள்ளையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதையாகிவிட்டது. வெட்கத்தைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது.

அன்றே கொடி மொட்டை மாடியில் தகர ஷீட்டுக்குக் கீழே போயிற்று. "காக்கா பட்டா மடி என்ன ஆறது?" என்றார் ராமசுப்ரமணியன். "போனா போறது" என்றாள். ஜன்னல் திறந்தே கிடந்தது. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு அஜீஷ் பெயின்ட் அடித்தான்.

வேலை அதிகமென்று ஒரு மாதம் வராமலிருந்த ஜானவி வந்ததும் அண்ணாந்து பார்த்தாள்.

"கொடி எங்கம்மா?"

"மாடிக்குப் போயிடுத்து. அந்த ஈரந்தான்டி உன்னைப் படுத்தியிருக்கு. எனக்குத் தெரியவே இல்லை."

"எனக்குத் தெரியும்மா."

"சொல்லித் தொலைச்சிருக்கப்படாதா?"

"சொன்னா, மடியைக் குறை சொல்ல வந்துட்டயான்னு ஒரு வாரம் பேசியிருக்கமாட்டே."

பேசியிருக்க மாட்டாள்தான். அம்மாவோடு சண்டை போடுவதைவிட வீட்டை விட்டுப் போவது சுலபமென்று பெண் நினைத்திருக்கிறாள். பாகீரதி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மணி ஐந்தாயிற்று. பை நடு அறையிலேயே இருந்தது. பாகீரதி ஒன்றும் கேட்காமல் ராத்திரிச் சாதத்துக்கு ஒரு ஆழாக்கு அரிசி கூடக் களைந்தாள்.