அஞ்சலோட்டத்தில் மூன்றாவது ஆள்

ஆரணி, கவின், போன கிழமை அப்பா சிரித்த சிரிப்புக்கு உங்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டிக் கிடக்கிறது. மழையால் மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது, இன்றைய ஓட்டப்போட்டி இல்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து என் போனுக்குச் செய்தி வந்தபோது, ஆரணி, நீ ஓட்டச் சப்பாத்தைப் போட்டபடி படியில் இருந்து அழுதாய், நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். "இதிலை என்னப்பா சிரிக்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு நீ மேலே போய் அறைக் கதவை அடித்துச் சாத்தியது நியாயம்தான். வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பைக்கூட ஒழுங்காக முடிக்காதவன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீங்கள் படித்த தமிழ் இதற்குப் போதும், போதாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள்.

சுண்ணாம்புக்கு ஒரு மணம் உண்டு. வாளிக்குள் கட்டியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது தானாகக் கொதித்துப் பொங்கும்போது மூக்கை அரிக்கிற, சூடான மணம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாசி மாதத்தில் ஒரு நாள் அந்த மணம் வரும். அது பள்ளிக்கூடத்தைக் கட்டியவரின் நினைவு நாள், அன்றைக்குத்தான் விளையாட்டுப் போட்டி, வியாழனாக வந்தாலும் சனியாக வந்தாலும் அந்தத் தேதி மாறாது. மைதானம் முழுக்க வெள்ளைக் கோடு, சிவப்பு, பச்சை, நீலம் என்று பிள்ளைகளைப் பிரித்த மூன்று இல்லங்களுக்கும் தென்னோலை கட்டிச் சோடித்த கொட்டில்கள், கடைசியில் எல்லாரும் எழும்பி நின்று பார்க்கிற அஞ்சலோட்டம். நான்கு பேர் ஓடவேண்டும், ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு ஒரு சின்ன மூங்கில் கோல் போகவேண்டும். நீல இல்லத்தில் மூன்றாவது ஆள் நான், நான்காவது ஆள் யோகன்.

யோகன் என்பது நாங்கள் கூப்பிடுகிற பெயர். ஒலிபெருக்கியில் இடாப்பில், அதுதான் வரவுப் பதிவேட்டில், உள்ள முழுப் பெயரைத்தான் வாசிப்பார்கள்: "சிவபாதம் யோகநாதன்." உங்கள் பெயருக்கு முன்னால் என் பெயர் நிற்பதுபோல அவனுக்கு முன்னால் நின்றது அவனுடைய ஐயாவின் பெயர். சிவபாதம் ஐயாவை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிக்கூட வாசலில் சைக்கிளில் பெட்டி கட்டி, மணி அடித்து, ‘ஐஸ்பழம்’ விற்பவர். இங்கே நீங்கள் வாங்குகிற ஐஸ் லொலியைத்தான் அங்கே அப்படிச் சொல்வோம். மகன் ஓடுகிற நாளில் மட்டும் மணியை அடிக்காமல் மதிலோடு சாய்ந்து நின்று பார்ப்பார்.

விளையாட்டு மாஸ்டர் எங்களுக்கு ஒன்றை மாதக்கணக்கில் பழக்கினார். கோலை வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னுக்குப் பார்த்தபடி கையைப் பின்னால் நீட்ட வேண்டும், முழங்கை மடியக் கூடாது, உள்ளங்கை விரிந்து பெருவிரல் விலகி நிற்க வேண்டும். அதற்குள் கோலை வைப்பது கொண்டுவருகிறவனின் வேலை. "பின்னாலை பாக்கப்படாது, வாறவன் வருவான்" என்று அவர் சொல்லிச் சொல்லி, கடையில் மிச்சக் காசு வாங்கும்போதுகூட யோகன் திரும்பாமல் கையை நீட்டிக்கொண்டு நிற்பான்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்த வருடம் நீலம்தான் முன்னுக்கு நின்றது. கோலை வாங்கி வளைவில் ஓடிவருகிறேன், யோகனின் கை எனக்கு நன்றாகத் தெரிகிறது, இன்னும் இருபது அடி தூரம்கூட இல்லை. அப்போது கடற்கரைப் பக்கத்திலிருந்து ஹெலிகொப்டர் சத்தம் வந்தது. ‘ஹெலி’ என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் படுங்கோ என்று மாஸ்டர் ஒலிபெருக்கியில் சொன்னதும் கொட்டில், மேடை, பரிசு மேசை எல்லாவற்றுக்கும் கீழே ஆட்கள் விழுந்தார்கள். நானும் கோலை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் அத்தனை பெரிய மைதானத்தில் ஒரே ஒருவன் நிற்கிறான், பின்னால் நீட்டிய கையோடு, முன்னுக்குப் பார்த்தபடி.

ஹெலி சந்தைப் பக்கம் பார்த்துச் சுட்டது. வாசலில் பெட்டியைப் போட்டுவிட்டு சிவபாதம் ஐயா இடுப்புச் சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி மைதானத்தைக் குறுக்கறுத்து ஓடிவந்தார். வருகிற வழியில் என் சட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போய், யோகனைக் காலில் தட்டி விழுத்தி, எங்கள் இரண்டு பேருக்கும் மேலே படுத்துக்கொண்டார். அவருடைய சட்டையில் ரோசாப்பூ எசன்ஸ் மணத்தது. என் காது அவருடைய நெஞ்சோடு ஒட்டியிருந்ததால் ஹெலியின் சத்தத்தைவிட அவருடைய நெஞ்சு அடித்ததுதான் எனக்குப் பெரிதாகக் கேட்டது. தனக்கு மேலே யாரும் இல்லையே என்று அவர் யோசித்திருப்பாரா என்று இப்போது நான் அப்பாவான பிறகுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. சந்தையில் கூரை போனது, இரண்டு கடை போனது. சிவபாதம் ஐயா எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் பெட்டி திறந்து கிடந்து ஐஸ்பழம் முழுக்கச் சிவப்புத் தண்ணீராகியிருந்தது. அதைக் கோப்பைகளில் ஊற்றி அழுதுகொண்டு நின்ற சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து யோகனுக்கு ‘கைநீட்டி’ என்று பட்டப்பெயர் விழுந்தது. மாஸ்டர் மட்டும், "சிரிக்காதேங்கோடா, உங்களிலை உவன் ஒருத்தன்தான் நான் சொன்னதைக் கேட்டவன்" என்றார்.

அடுத்த வருடம் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துக்குச் சாமான் வரக் கூடாது என்று தடை இருந்த காலம் அது, மண்ணெண்ணெயும் இல்லை, குளிக்கச் சவர்க்காரமும் இல்லை. வீடு வீடாக அடுப்புச் சாம்பல் சேர்த்துக் கோடு போட்டோம். விடிந்தால் தெருவெல்லாம் கறுப்புக் கொடி, ஒலிபெருக்கி கட்டிய வாகனம் சோக இசையோடு போகிறது, துக்க நாள், எல்லாம் பூட்டு என்று அறிவிக்கிறார்கள். மத்தியானக் காற்றில் எங்கள் சாம்பல் கோடுகள் கலைந்து போவதை நானும் யோகனும் மதிலில் இருந்து பார்த்தோம்.

அதற்கடுத்த வருடம் போட்டி நன்றாகவே நடந்தது. ஆனால் எனக்கு ‘அம்மாள் வருத்தம்’, அதுதான் சிக்கன்பொக்ஸ், வந்து வேப்பிலையில் படுத்துக் கிடந்தேன், நான் இல்லாமல் நீல இல்லம் ஓடவில்லை. எல்லாவற்றையும் சண்டையின் தலையில் போடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

நான்காவது முறை பிடிவாதமாகப் பழகினோம். அந்த வருடம் சுண்ணாம்பும் வந்தது. ஆனால் போட்டிக்கு முதல் நாள் மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு, போட்ட கோடுகளை அழித்துவிட்டு மைதானத்தின் நடுவில் ஒரு பெரிய வட்டம் போடச் சொன்னார். பேச்சுவார்த்தைக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஹெலி இங்கேதான் இறங்கப் போகிறது என்றார். அடுத்த நாள் அதே தேதியில் அதே மாதிரி ஒரு ஹெலி எங்கள் மைதானத்துக்கு மேலே வந்தது, எங்களில் பாதிப் பேர் பழக்கத்தில் கீழே படுத்துவிட்டோம். அது மெதுவாக வட்டத்துக்குள் இறங்கியது. கையில் கோப்புகளோடு வெள்ளைச் சட்டைக்காரர் சிலர் குனிந்தபடி இறங்கி வந்தார்கள். சனம் கைதட்டியது. ஒரு பெண் ஓடிப்போய் அதில் ஒருவருக்கு மாலை போட்டார். சிவபாதம் ஐயா மணியை அடித்த அடியில் அன்றைக்கு அவருடைய பெட்டி அரை மணித்தியாலத்தில் காலி.

"ரேஸ் போனாப் போகட்டும், இனி வருசா வருசம் ஓடலாம்தானே" என்றான் யோகன். நானும் நம்பினேன். ஊர் முழுக்க நம்பியது.

சில மாதத்தில் திரும்பவும் சண்டை தொடங்கியது. அந்த வருட மாரியில் ஊரோடு எழும்பி நடந்தோம், கடலேரி கடந்து வன்னிக்குப் போனோம். யோகன் வீட்டார் உழவு இயந்திரத்தில் வேறு பாதையால் போனார்கள். அடுத்த மாசியில் அந்தத் தேதி வந்தபோது நான் ஒரு பாலை மரத்தடியில் நடந்த வகுப்பில் இருந்தேன். எங்கள் மைதானத்தில் அப்போது ஆமி முகாம் இருந்தது.

பிறகு நான் லண்டன் வந்தேன். வந்து கொஞ்சக் காலத்தில் போர்நிறுத்தம் கையெழுத்தானது, அதுவும் மாசி மாதம். எங்கள் போட்டித் தேதியில் டூட்டிங் கடைகளில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். ஏழு வருடத்துக்குப் பிறகு அதே தேதியில் நான் பெற்றோல் கடையில் ஷிப்ட் நின்றேன், வெளியே எங்கள் சனம் கொடி பிடித்து வீதியில் நின்றது, போனை எடுக்கிற எல்லாரும் கடற்கரையோரம் ஒரு சின்னத் துண்டு நிலத்துக்குள் அகப்பட்ட சனத்தைப் பற்றித்தான் கதைத்தார்கள். சிவபாதம் ஐயா குடும்பம் அதற்குள்தான் என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, அவர்கள் ஒருவரும் வெளியே வரவில்லையாம் என்று அவரே சொன்னார். இணையத்தில் யோகனின் பெயரைப் போட்டு எத்தனையோ நாள் தேடினேன். யாருமில்லை.

அதற்குப் பிறகுதான், நீங்கள் பார்த்திருப்பீர்கள், வருடா வருடம் அந்த மாசித் தேதியில் அப்பா சாமித் தட்டில் தனியாக ஒரு மண் விளக்கு ஏற்றுவார். அந்த விளக்குக்குக் கீழே ஒரு கடதாசி இருக்கும். என்னோடு படித்து இப்போது இல்லாதவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன, இடாப்பில் இருந்தபடி. ஏழு பெயர்.

இனி போன ஐப்பசிக்கு வருகிறேன். அம்மா சாம்பாருக்கு முருங்கைக்காய் வாங்கச் சொன்னாள் என்று டூட்டிங் கடைக்குப் போனேன். மரக்கறித் தட்டுக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டியபடி மொட்டைத் தலையோடு ஒருவர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார். மனைவியிடம் பை கேட்கிறார் போலிருக்கிறது, "தாருமன்" என்று சொல்லி, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். முழங்கை மடியவில்லை. உள்ளங்கை விரிந்திருந்தது, பெருவிரல் விலகி நின்றது.

அவருடைய மனைவி அங்காலே அரிசி மூட்டையடியில் நின்றார். நான் இரண்டடி முன்னுக்குப் போய், கையில் இருந்த முருங்கைக்காயில் ஒன்றை அந்தக் கைக்குள் வைத்தேன். விரல்கள் உடனே மூடிக்கொண்டன. கையை முன்னுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அவர் மெதுவாகத் திரும்பினார்.

"ஆர் நீங்கள்?"

"மூண்டாவது ஆள்" என்றேன்.

யோகன் முருங்கைக்காயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவ்வளவு நேரமாடா உனக்கு வாறதுக்கு?"

பிறகு முருங்கைக்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடை வாசலால் இறங்கி பஸ் தரிப்பு வரைக்கும் ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். கடைக்காரப் பெடியன் நாங்கள் களவெடுத்துக்கொண்டு ஓடுகிறோம் என்று நினைத்து எங்களுக்குப் பின்னால் ஓடிவந்தான்.

தேநீர்க் கடையில் இருந்து எல்லாம் கதைத்தோம். சண்டை முடிவதற்குப் பல வருடம் முதலே அவன் இன்னொருவரின் கடவுச்சீட்டில் சுவிஸ் போய்விட்டான், அந்த ஆளின் பெயரிலேயே அங்கே இருந்திருக்கிறான். அதனால்தான் தேடியும் கிடைக்கவில்லை. இப்போது குடும்பத்தோடு லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்துக்கு வந்து டைல் பதிக்கிற வேலை செய்கிறான். நான் அவனுக்கு விளக்கு ஏற்றிய கதையைச் சொன்னதும் தேநீர் மூக்கால் வரச் சிரித்தான். "நீ எனக்கு விளக்குக் கொளுத்தேக்கை நான் சுவிஸிலை, பேசல் நகரத்திலை ஹோட்டல் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். என்ரை ஆயுளைக் கூட்டிப் போட்டாயடா." நானும் சிரித்தேன். அத்தனை வருடம் நெஞ்சில் கிடந்த ஒரு கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போனதுபோல இருந்தது.

சிரித்து முடிந்த பிறகு ஐயாவைக் கேட்டேன். அவன் கோப்பையைத் திருப்பி வைத்தான்.

"அம்மாவும் தங்கச்சியும் வந்திட்டினம். ஐயா வரேல்லை."

ஆரணி, நீ அழுத அந்த நாள் அதே மாசித் தேதிதான். யோகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த பிறகு வந்த முதல் அந்தத் தேதி. காலையில் அவனுக்குப் போன் எடுத்து, இண்டைக்கு என்ன நாள் எண்டு ஞாபகம் இருக்கோ என்று கேட்டேன். "ஓம், இண்டைக்காவது ரேஸ் நடக்குமோ?" என்றான். போனை வைத்த கையோடு உன் பள்ளிக்கூடத்துச் செய்தி வந்தது. ஓட்டம் இல்லையாம், வெறும் மழையாம். வானத்திலிருந்து விழுந்தது தண்ணீர் மட்டும்தான். அதற்குத்தான் சிரித்தேன் பிள்ளை, உன் கண்ணீரைப் பார்த்து இல்லை. மைதானம் காய்ந்ததும் நீ ஓடுவாய். எங்கள் மைதானத்தில் இப்போது பாதியில் புதுக் கட்டடம் நிற்கிறதாம், நான் ஓடிய வளைவு அதற்குக் கீழே போய்விட்டதாம்.

அன்று பின்னேரம் நீங்கள் ட்யூஷனுக்குப் போன பிறகு, அம்மாவும் வேலையால் வரமுதல், நான் சாமித் தட்டுக்கு முன்னால் இருந்து அந்தக் கடதாசியை எடுத்தேன். யோகனின் பெயர் இன்னும் அதில்தான் இருந்தது. குறுக்கே கோடு போட மனம் வரவில்லை, உயிரோடு இருப்பவனின் பெயரில் எப்படிக் கோடு போடுவது? கவினின் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து ‘யோகநாதன்’ என்ற பாதியை மட்டும் வெட்டி எடுத்து, என் பேர்சுக்குள் பஸ் கார்டுக்குப் பின்னால் வைத்தேன். ‘சிவபாதம்’ என்ற மற்றப் பாதியைத் தொடவில்லை. கடதாசியைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு, அதற்கு மேலே விளக்கை ஏற்றினேன்.